அரைச் சுற்று

ஜனவரி 8

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். குளிர்க் கிடங்கில் நின்று நின்று விரல் மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தீர்களே, இப்போது தேவலையா? கையுறையைக் கழற்றாமல் வேலை செய்யுங்கள். இல்லாவிட்டால் மீனோடு மீனாக உங்களையும் பெட்டியில் அடுக்கிவிடப் போகிறார்கள்.

அப்பாவுக்கு வலது பக்கம் இன்னும் அசையவில்லை. பேச்சு மட்டும் நன்றாகத் தெளிந்துவிட்டது, தெளிந்ததும் குறை சொல்லத் தொடங்கிவிட்டார். உள் அறையில் கட்டிலைத் திருப்பக்கூட இடமில்லாததால் கூடத்திலேயே போட்டுவிட்டோம், ஃபிரிட்ஜுக்கு நேர் எதிரே. அது குறட்டை விடுகிறதாம், அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். இவர் விடுகிற குறட்டையை அது யாரிடம் போய்ச் சொல்லும்?

அந்த ஃபிரிட்ஜைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முனையில் இருக்கும் பேக்கரிக்காரருக்கு நான் சனிக்கிழமைதோறும் க்ரீம் கேக்கும் புட்டிங்கும் செய்து கொடுக்கிறேன் இல்லையா? ஜூன் வரை ஒரு சனிக்கிழமைகூடச் சொதப்பாமல் கொடுத்தால், கடைக்குப் பின்னால் இருக்கும் அறையை எனக்கே விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கேயே வேலை செய்யலாம், அங்கேயே குடியிருக்கலாம். புருஷன் வேண்டாம் என்று அனுப்பியபின் ஒரு பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்தவள் நான். நீங்களோ அண்ணியோ ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் நானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு இருந்தால் எப்படி இருக்கும் என்று ஆசையாக இருக்கிறது அண்ணா.

இந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் காலை வாருகிறது. வெள்ளிக்கிழமை கேக்கை அலங்கரித்து உள்ளே வைத்தேன். சனிக்கிழமை காலையில் பார்த்தால் க்ரீம் வழிந்து தட்டில் நிற்கிறது. அடியில் தண்ணீர். அப்பாவின் பாலும் திரிந்துவிட்டது. தெருக்கோடி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கதவைக்கூடத் திறக்காமல் "கம்ப்ரஸர் போச்சு" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

தொலைபேசிக் கடையில் இதையெல்லாம் பேச முடியாது, பின்னால் நிற்பவர் இருமத் தொடங்கிவிடுவார். அதனால் பொறுமையாக எழுதி அனுப்புங்கள். நீங்கள் சொல்வதை அப்படியே செய்கிறேன்.

உங்கள் தங்கை,
வாண்டு


ஜனவரி 22

அன்பு வாண்டுக்கு,

நான் நலம். விரலும் நலம், பத்தும் இருக்கின்றன. அப்பா குறை சொல்கிறார் என்றால் அவரும் நலம் என்றுதான் அர்த்தம்.

கம்ப்ரஸர் போயிருந்தால் ஃபிரிட்ஜ் குறட்டையே விடாது, உன் மெக்கானிக்குக்கு டீ மட்டும்தான் தேவைப்பட்டிருக்கிறது. இனி அந்த ஆளை வீட்டு வாசலில் சேர்க்காதே. நான் சொல்வதை ஒவ்வொன்றாகச் செய்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழு. பின்னால் கறுப்புக் கம்பி வலை இருக்கும். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவது அதுதான். அதில் தூசி அடைந்தால் ஃபிரிட்ஜுக்கு மூச்சு முட்டும். பிரஷ்ஷால் தட்டி எடு. திரும்பத் தள்ளும்போது சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழைய இடம் விடு. அடுத்து கதவு ரப்பர். ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் ஒழுகுகிறது. வெந்நீரில் துணியை நனைத்து ரப்பருக்கு ஒத்தடம் கொடு, இளகி ஒட்டிக்கொள்ளும்.

ஃபிரீசரில் விரல் தடிமனுக்கு மேல் ஐஸ் கட்டியிருந்தால் அணைத்துவிட்டுத் தானாகக் கரைய விடு. கத்தியால் குத்தினாயோ, நானே பஸ் ஏறி வந்து குத்துவேன். சூடான பாத்திரத்தை உள்ளே வைக்காதே, காற்று போகவர இடம் விடாமல் அடைக்காதே. குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழை நாலில் வை.

பேக்கரி அறை விஷயம் நல்லதுதான். ஆனால் அவசரப்படாதே. அப்பாவுக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? உன் அண்ணி காலையில் பள்ளிக்கூட ஆபீசுக்கு ஓடினால் சாயங்காலம்தான் திரும்புகிறாள். யோசித்துச் செய்.

அண்ணன்


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணா,

அனைவரும் சுகம். அப்பாவுக்கு முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்கிறேன். அங்கே சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா?

நீங்கள் சொன்னது எல்லாவற்றையும் செய்தேன். கம்பி வலையில் தட்டியெடுத்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். தாளை வைத்துப் பார்த்தேன், கீழ் மூலையில் வழுக்கியது. ஒத்தடம் கொடுத்தேன். உடம்பு சரியில்லாத மாமியாருக்குக்கூட நான் இப்படி ஒத்தடம் கொடுத்ததில்லை. இப்போது தாள் அசையவில்லை. ஐஸையும் கரைத்துத் துடைத்தாகிவிட்டது.

அதன்பின் கையை வைத்தால் சில்லென்று இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் பிரமாதம். அப்பாடா என்று வெள்ளிக்கிழமை கேக்கை வைத்தேன். சனிக்கிழமை காலையில் மறுபடியும் அதே கதை. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மற்ற நாளில் ஒரு குறையும் இல்லை அண்ணா, வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும்தான் இதற்கு என்னவோ ஆகிறது.

பேக்கரிக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கேக் வாங்கிய பிறந்தநாள் பிள்ளையின் அம்மா கடைவாசலில் நின்று அவரைக் கேள்வி கேட்டுவிட்டாளாம். இன்னும் ஓரிரு முறை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அழுகை வந்தது. அண்ணிதான் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினார். "விடு, உனக்கு எதுக்கு இந்தப் பாடு? நாங்க இருக்கோம்ல" என்றார். நல்ல மனசு அவருக்கு. ஆனால் எனக்கு இந்தப் பாடுதான் வேண்டும்.

உங்கள்
வாண்டு


பிப்ரவரி 20

அன்பு வாண்டுக்கு,

நலம். சாப்பாடு கிடைக்கிறது, ஒழுங்காக என்று சொல்ல முடியாது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து எத்தனையோ ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டேன், கிழமை பார்த்து வேலைநிறுத்தம் செய்கிற ஃபிரிட்ஜைப் பார்த்ததில்லை. அதற்குக் காலண்டர் தெரியாது. அதனால் கோளாறு அதற்குள் இல்லை, வெளியிலிருந்து வருகிறது. உங்கள் தெருவில் வெள்ளி ராத்திரி கரண்ட் போகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். நீ தூங்கும்போது போய், எழும்போது வந்துவிட்டால் உனக்கு எப்படித் தெரியும்?

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் உறைய வை. உறைந்ததும் மேலே ஒரு காசை வைத்துவிடு. காலையில் காசு மேலேயே இருந்தால் கரண்ட் போகவில்லை. ஐஸுக்குள் இறங்கியிருந்தால் வெகுநேரம் கரண்ட் இல்லாமல் கரைந்து, பிறகு மறுபடி உறைந்திருக்கிறது. எங்கள் கிடங்கில் காவல்காரர்கள் பொய் சொல்கிறார்களா என்று இப்படித்தான் பார்ப்போம்.

இன்னொரு விஷயம், தொழில் ரகசியம். குமிழைப் பிடித்து நேராக இழுத்தால் கையோடு வந்துவிடும். அதன் அடியில் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு பொடித் திருகு இருக்கும். வெளியே குமிழ் எந்த எண்ணில் இருந்தாலும், எவ்வளவு குளிர்ந்ததும் மெஷின் நிற்க வேண்டும் என்பதை அந்தத் திருகுதான் முடிவு செய்கிறது. உன் கேக்குக்காக வலது பக்கம் கால் சுற்றுத் திருப்பிக்கொள். இதை வீட்டில் வேறு யாருக்கும் சொல்லாதே, ஆளாளுக்குத் திருகி நாசம் செய்துவிடுவார்கள். இந்தக் கடிதத்தையும் அடுப்பில் போட்டுவிடு.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். உங்கள் விரல் எப்படி இருக்கிறது?

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். திருகைக் கால் சுற்றுத் திருப்பி, எங்கே நிற்கிறது என்று தெரிய அதன் தலையில் கேக் கலரால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். நல்ல பலன். புட்டிங் கல்லு மாதிரி நிற்கிறது.

காசு வைத்துப் பார்த்தேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் மேலேயே இருந்தது. வெள்ளி ராத்திரி வைத்த காசு காலையில் டம்ளரின் பாதியில் ஐஸுக்குள் கிடந்தது. சரி, ஒரு தடவை எப்படியோ என்று அடுத்த வெள்ளியும் வைத்தேன். அன்றைக்கு அடியிலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

ராத்திரி கரண்ட் போனதா என்று அப்பாவிடம் கேட்டேன். ஃபேன் நின்றது, வெகுநேரம் வரவில்லை என்றார். ஆனால் எதிர் வீட்டுத் தையல்காரர் அந்த இரண்டு வெள்ளியும் கல்யாண ஆர்டருக்காக விடிய விடிய மெஷின் ஓட்டியிருக்கிறார். கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை என்று அடித்துச் சொல்கிறார். அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறது போலிருக்கிறது, பாவம்.

தெருவில் கரண்ட் இருக்கிறது, எங்கள் ஃபிரிட்ஜுக்கு மட்டும் இல்லை. இதற்கு என்ன அர்த்தம் அண்ணா? இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். ஒருவரால் எழுந்திருக்க முடியாது. ராத்திரி விழித்திருந்து பார்க்கலாம்தான், எனக்கு மனம் வரவில்லை. பார்த்துவிட்டால் அப்புறம் காலையில் எந்த முகத்தோடு ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பது?

நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சண்டை இல்லாமல் முடிந்துவிடும்.

உங்கள்
வாண்டு


ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, சரக்கு வந்து இறங்கியதில் மூச்சுவிட நேரமில்லை.

ஃபிரிட்ஜ் பழசு. தெர்மோஸ்டாட் தேய்ந்திருக்கலாம், கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கலாம். எத்தனை நாள்தான் உழைக்கும்? நான் லீவில் வரும்போது பிரித்துப் பார்க்கிறேன். அதுவரை அதைப் போட்டு வதைக்காமல் இரு. கொஞ்ச நாளைக்குக் கேக் வேலையை நிறுத்திவைத்தால்தான் என்ன? பேக்கரி எங்கே ஓடிவிடப் போகிறது?

அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள். அண்ணிக்கு ஆபீசில் வேலை அதிகம், நீதான் அனுசரித்துப் போக வேண்டும். வீடு என்றால் நாலும் இருக்கும்.

அண்ணன்


மே 3

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

காசைப் பற்றி நான் எழுதியதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தபாலில் அந்தப் பக்கம் மட்டும் தொலைந்துவிட்டதோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். எந்தப் பாகத்தில் எந்தக் கோளாறு என்று அக்குவேறு ஆணிவேறாக எழுதுகிற நீங்கள், 'தேய்ந்திருக்கலாம், கசிந்திருக்கலாம்' என்று எழுதி நான் இதுவரை படித்ததில்லை. கேஸ் கசிந்தால் எல்லா நாளும் குளிராது என்று எனக்கே தெரிகிறது.

இப்போது வெள்ளிக்கிழமைத் தொல்லை நின்றுவிட்டது. காசு ஐஸின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்பாவின் பால் திரியவில்லை. ஆனால் க்ரீம் ஒரு நாளும் நிற்பதில்லை. தொட்டால் விரலோடு வருகிறது. போன சனிக்கிழமை கேக்கைப் பேக்கரிக்குக் கொண்டுபோகவே இல்லை. நானும் அப்பாவும் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டோம். அப்பா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வலையைத் தட்டினேன், தாளை வைத்து இழுத்தேன், ஐஸைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் குமிழைக் கழற்றினேன். சிவப்புப் புள்ளி இருந்த இடத்தில் இல்லை. மெல்ல வலது பக்கம் திருப்பிக்கொண்டே வந்தேன். ஒன்றரைச் சுற்று திருப்பியபின்தான் க்ரீம் நிற்கிற அளவுக்குக் குளிர் வந்தது.

குமிழுக்கு அடியில் திருகு இருப்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்த கடிதம் சாம்பலாகிவிட்டது. அண்ணிக்குப் பல்பு மாட்டவே பயம்.

திருகியது யார் என்று உங்களைக் கேட்கவில்லை. ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.

வாண்டு


மே 17

தங்கைக்கு,

சுகம் எல்லாம் இருக்கட்டும். ஒன்றரைச் சுற்றா? அரைச் சுற்றுக்கு மேல் தொடாதே என்று உன் அண்ணியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அரைச் சுற்றில் பால் ஒன்றும் ஆகாது, க்ரீம் மட்டும் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன். ஒன்றரைச் சுற்றில் பாலும் கெட்டுப்போக இருந்ததே, அப்பாவின் வயிறு என்னத்துக்கு ஆகும்?

நீ இப்போது கோபமாக இருப்பாய். கொஞ்சம் என் பக்கமும் யோசி. உன் காசுக் கடிதம் வந்ததும் அவளுக்கு எழுதிக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. நீ அந்த அறைக்குப் போய்விட்டால் அவள் வேலையை விட்டுவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவளுக்கு அந்த ஆபீஸ் நாற்காலி ஒன்றுதான் வெளியுலகம். நான் வந்து உட்காரலாம் என்றால், இந்த வேலையை விட்டால் எனக்கு இன்னொன்று கிடைக்கிற வயசா? ஃபிரிட்ஜை அணைத்தால் பால் கெடுகிறது என்றதால்தான் அந்தத் திருகைச் சொன்னேன். அப்பாவுக்காகத்தான்.

உனக்கு அங்கே என்ன குறை? சாப்பாடு இல்லையா, இருக்க இடமில்லையா? யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? பெற்ற அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவ்வளவு பெரிய சுமையா? நானும் இங்கே ஐஸ் அறைக்குள்தான் நாளெல்லாம் நிற்கிறேன். எனக்கும் எத்தனையோ ஆசை இருந்தது.

அண்ணன்


ஜூன் 1

அண்ணாவுக்கு,

அப்பா நலம். நான் நலமாக இல்லை.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அரைச் சுற்று. பால் கெடக்கூடாது, கேக் கெட வேண்டும். அதற்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறீர்கள். அந்த அக்கறையில் பாதியைக் காட்டி 'வாண்டு, போகாதே, எங்களால் முடியாது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் இருந்திருப்பேன். நிச்சயமாக இருந்திருப்பேன். என் கையைக் கட்டிப்போட்டுவிட்டு என்ன குறை என்று கேட்கிறீர்களே.

அண்ணியிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "நீ போனா நான் வேலையை விடணும். எனக்கு வேற என்ன வழி இருக்கு, சொல்லு" என்று அழுதார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வேறு வீட்டில் பிறந்தவர், எனக்கு எதுவும் கடன்பட்டவர் இல்லை. உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

பேக்கரிக்காரரிடம் போய் எங்கள் ஃபிரிட்ஜை இனி நம்ப முடியாது என்று மட்டும் சொன்னேன், வீட்டு மானத்தைக் கடைவாசலில் விற்கவில்லை. "ஃபிரிட்ஜ்தானே சரியில்ல, நீ சரியாத்தானே இருக்க" என்றார். கடை ஃபிரிட்ஜில் கூல்டிரிங்ஸ் பாட்டில்களை ஒதுக்கி ஒரு தட்டு இடம் கொடுத்தார். அதற்குப்பின் ஒரு கேக்கும் சரியவில்லை. சொதப்பிய சனிக்கிழமைகளைக் கணக்கில் வைக்காமல் அறைச் சாவியையும் தந்துவிட்டார்.

உங்கள் கவலை எல்லாம் தீர இன்னொன்று சொல்கிறேன். அப்பாவையும் என்னோடு அழைத்துப் போகிறேன். தரையோடு இருக்கிற அறை, படி இல்லை, ஜன்னல் இருக்கிறது. கட்டில் போட இடம் இருக்கிறது. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நாலு எட்டு. அண்ணி வேலையை விட வேண்டாம், நீங்களும் வர வேண்டாம். இதை ஜனவரியிலேயே என்னிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

தங்கை


ஜூன் 14

என் அருமை வாண்டுக்கு,

நலம். உன் கடிதம் கண்டு என் மனதிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. நீ எப்போதுமே கெட்டிக்காரி. சின்ன வயதிலேயே அப்படித்தான். அப்பாவுக்கும் மகள் கையால் சாப்பிடுவதுதான் பிடிக்கும். அண்ணிக்கும் எழுதியிருக்கிறேன், அவளும் நிம்மதியாகிவிட்டாள். அப்பாவின் கட்டில், மெத்தை, சக்கர நாற்காலி எல்லாவற்றையும் எடுத்துக்கொள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. தப்பு என்றால் தப்புதான். கூடப்பிறந்தவர்களுக்குள் இதெல்லாம் ஒரு விஷயமா?

என்றைக்கு அழைத்துப் போகிறாய்? கிளம்புவதற்கு முன்னால் அந்தத் திருகு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ. உன் அண்ணிக்கு அது சரியாக வராது.

அன்புடன்
அண்ணன்


ஜூன் 30

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்காமல் எழுதுகிறேன். விசாரித்தால் அது வெறும் வழக்கத்துக்காக இருக்கும்.

திருகைச் சரியாக வைத்துவிட்டேன். உங்கள் வீட்டில் இனி பாலும் கெடாது, க்ரீமும் கெடாது.

அப்பாவைக் குளிப்பாட்டிச் சவரம் செய்துவிட்டு, அறையைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல் வழியாகத் தெரு தெரியும், நாள் முழுக்க நான் பக்கத்திலேயே இருப்பேன், பேசிக்கொண்டே வேலை செய்யலாம் என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இங்கேயே இருப்போம் என்றார். இது சொந்த வீடு, பேக்கரிக்குப் பின்னால் போய்க் கிடந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார். இங்கே இருந்தால் என் பிழைப்பு நடக்காது, அண்ணி மறுபடி ஃபிரிட்ஜை அணைப்பார் என்றேன்.

"இனிமே அணைக்க மாட்டா" என்றார் அப்பா. "வாண்டு மாவு வேலைய நிறுத்திட்டா, இனிமே ஃபிரிட்ஜுல கை வைக்காதேன்னு உங்க அண்ணிகிட்ட நானே சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. எப்போது சொன்னீர்கள் என்று கேட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றார், நான் கேக்கை வெளியே கொண்டுபோகாமல் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்ட அன்றைக்கு. நான் கேக் வேலையை விட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணு முன்னாடிதானே ஸ்விட்ச் இருக்கு. படுக்கப் போகும்போது அணைப்பா, எந்திரிச்சதும் போடுவா. அப்புறம் உள்ளே என்னவோ திருகினா, எல்லாத்தையும் பாத்தேன்."

"ஃபேன் நின்னுச்சுன்னு சொன்னீங்களேப்பா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், அந்தப் பக்கம் திரும்ப முடியாது. "நீ போயிட்டா என்னை யாரும்மா பாப்பா?" என்றார்.

அவ்வளவுதான் அண்ணா. நீங்கள் தூரத்தில் இருந்தீர்கள், அண்ணி இருட்டில் செய்தார். அப்பாவோ எதிரே படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் நான் வழிந்த க்ரீமைத் துடைத்துக்கொண்டு அழும்போது, "அழாதேம்மா, எனக்குப் பால் ஆத்து" என்று சொன்னார். எத்தனை தடவை சொன்னார் என்று எனக்கு இப்போது எண்ணப் பிடிக்கவில்லை. நான் அவரை விட்டுவிட்டுப் போவேன் என்று எப்படி நினைத்தார்? அவரை அழைத்துப் போக வேண்டும் என்றுதான் அந்த அறைக்குப் படி இருக்கிறதா என்று பேக்கரிக்காரரிடம் முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன். அப்பா என்னைக் கேட்கவே இல்லை. நீங்கள் யாருமே கேட்கவில்லை.

அப்புறம், "சரி, நானும் வரேன், கூட்டிட்டுப் போ" என்றார். என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. அந்த அறையில் அவர் எதிரே படுத்துப் பார்த்துக்கொண்டிருக்க, நான் தினமும் க்ரீம் அடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். முடியாது. கல்நெஞ்சுக்காரி என்று சொல்லுங்கள், சொல்லிக்கொள்ளுங்கள். நான் பெருமையாக இதை எழுதவில்லை.

படுக்கை விரிப்பை மாற்றினேன். சாப்பாடு ஊட்டினேன். எந்த மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் படுக்க வைக்க வேண்டும் என்று அண்ணிக்குச் செய்து காட்டினேன். அண்ணி ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறார். அதற்குமேல் ஆபீசில் கொடுக்க மாட்டார்களாம்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது, அப்பா கூப்பிடுவார் என்று நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. அண்ணியைத்தான் கூப்பிட்டார்.

"அடுத்த வாரம் என்னைத் திருப்பிப் படுக்க வைக்க யாரு இருப்பா?" என்று கேட்டார்.

அதற்குப் பதிலை நீங்கள் வந்து சொல்லுங்கள்.

தங்கை